பிளக்கில் வைத்த பொட்டு

என் தம்பி வெளிநாட்டுக் கார் வாங்கியபோது எனக்கு வயிறு எரியவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஊரில் எல்லோரும் அதற்குத்தான் எரிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், என் மனைவி உட்பட. கார் வந்தது, வாசலில் நின்றது, சுற்றிப் பார்த்தேன், போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். எனக்கு எரிந்தது எட்டு மாதம் கழித்து. அந்தக் காரின் பானெட்டை அவனே திறந்து, பிளக்கை அவனே கழற்றி மாட்ட உட்கார்ந்தானே, அன்றைக்குத்தான்.

நாங்கள் அண்ணன் தம்பி இரண்டே பேர். சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் தோட்டம். கடலையும் சோளமும் போட்டு, கிணற்றில் தண்ணீர் நின்ற வருஷம் மட்டும் பருத்தி பார்க்கிற பூமி. எழுபதுகளின் தொடக்கத்தில் பத்தாவதில் கணக்கில் தோற்றுவிட்டுச் சங்ககிரியில் ஒரு லாரிப் பட்டறைக்கு வேலைக்குப் போனேன். தம்பி கணக்கில் தோற்கவில்லை. அவன் காலேஜ் வரை படித்துவிட்டு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஒன்றில் பங்கு சேர்ந்தான். எங்கள் பக்கத்து ரிக் வண்டிகள் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போய் ஊர் ஊராகப் பூமியைத் துளைத்துக்கொண்டிருந்த காலம் அது. எண்பதுகளின் நடுவில் அவனுக்குச் சொந்தமாக மூன்று ரிக். எனக்குச் சொந்தமாக ஒரு பட்டறை, அதில் லாரிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்க இரண்டு குழி.

அதிலும் எனக்குக் குறை இல்லை. ஏனென்றால் எங்கள் அய்யன், எங்கள் அப்பாவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், ஒரு பாகப்பிரிவினை செய்து வைத்திருந்தார். நிலத்தை அல்ல. "சின்னவனுக்குத் தல, பெரியவனுக்குக் கை" என்பார். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பம்புசெட் மோட்டார் நின்றால், தண்ணீர் இரைக்கும் ஆயில் எஞ்சின் புகைந்தால், சுவர்க் கடிகாரம் ஓடாவிட்டால்கூட "பெரியவனைக் கூப்புடு" என்று ஒரு குரல் வரும். பட்டறையில் எத்தனை வேலை இருந்தாலும் அந்தக் குரலுக்கு ஓடுவேன். தம்பி வடக்கேயிருந்து மூட்டை மூட்டையாகச் சம்பாதித்துக்கொண்டு வந்து நிற்கட்டும், அந்தக் குரல் அவனைக் கூப்பிட்டதில்லை. அது போதும் என்றிருந்தேன்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். ஏதோ ஒரு நாட்டுத் தூதரகத்துக்காரர்கள் ஓட்டிவிட்டு ஏலத்தில் விட்ட வண்டி. பம்பாயில் எடுத்து அவனே ஓட்டிக்கொண்டு வந்தான். இரண்டே கதவு. பின்சீட்டில் ஒரு மூட்டை வெங்காயம் வைக்கலாம், ஆள் உட்கார முடியாது. தரையோடு தரையாக இருந்தது. எங்கள் தோட்டத்துத் தடத்தில் அது வருவதற்காகவே வண்டிப் பாட்டையின் நடு மேட்டைக் கொத்திச் சரித்தார்கள். டாஷ்போர்டில் ஒரு சின்ன மீட்டர். காலை அழுத்தினால் அதன் முள் எழுந்திருக்கும். அப்போது வண்டி முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி பாயும். அதுதான் டர்போ. எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகையைக் கொண்டு ஒரு குட்டிச் சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சக்கரத்தால் காற்றை இழுத்து மறுபடியும் எஞ்சினுக்குள்ளேயே திணிக்கிற வேலை. ரிக்கின் கம்ப்ரஸர் எஞ்சினில் அது உண்டு என்பதால் தம்பிக்கு அந்தப் பேர் பழக்கம். என் குழிக்கு வந்த லாரிகளில் அப்போது அது கிடையாது.

ஊரே வந்து பார்த்தது. ஆனால் ஒருத்தரும் தொடத் துணியவில்லை. இதைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்தைப் பற்றி ஒன்று தெரிய வேண்டும். சங்ககிரியிலிருந்து நாமக்கல் வரைக்கும் எவனை எழுப்பிக் கேட்டாலும் டீசல் எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிக் காட்டுவான். பச்சைப் பிள்ளைக்குக்கூட டீசலைப் பீச்சுகிற நாசில் என்றால் என்னவென்று தெரியும். ஆனால் டீசல் எஞ்சினுக்குப் பிளக் இல்லை. பெட்ரோல் வண்டிக்குத்தான் உள்ளே பொறி தட்ட ஒரு பிளக் வேண்டும். ஸ்கூட்டருக்கு ஒன்று, அம்பாசடருக்கு நாலு. அதைப் பார்க்கிறவர்கள் வேறு ஆட்கள், சேலத்தில் இருந்தார்கள். நான் மட்டும் பட்டறையில் சேர்ந்த புதிதில் பழைய பெட்ரோல் ஜீப்புகளில் இரண்டு வருஷம் கை பழகியவன். ஆகவே இந்தத் தட்டையான காருக்கு என்றைக்காவது ஒரு கோளாறு வரும், அப்போது என்னிடம்தான் வந்தாக வேண்டும் என்று எனக்குத் தெரியும். பொறுமையாகக் காத்திருந்தேன்.

கோளாறு வந்தது. ஏழாம் மாதம், வண்டி ஏற்றத்தில் விக்க ஆரம்பித்தது. வாசலில் அது வந்து நிற்கிற சத்தத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, பிளக் தேய்ந்து போயிற்று. வாய் திறக்கவில்லை. அவன் கேட்கட்டும். பட்டறையை இரண்டு நாள் விட்டுவிட்டுச் சேலம் போய், சூரமங்கலத்தில் ஒரு கடையில் அந்த அளவுக்கு நீளக் குழாய் ஸ்பானர் ஒன்று தேடி வாங்கி வந்தேன். குழிக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியில், துணி சுற்றி வைத்தேன். அவன் வந்து கேட்டால் யோசிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அப்புறம் எடுக்கலாம் என்று திட்டம்.

அவன் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. தினம் காலையில் வாசலில் என்னைப் பார்த்து, "பட்டறைக்குக் கெளம்பிட்டீங்களாணா" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, விக்குகிற வண்டியை எடுத்துக்கொண்டு போவான். அந்த மரியாதையே எனக்கு எரிச்சலாக இருக்கும். மூன்றாம் வாரம் பம்பாயிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே நாலு பிளக், ஒரு சின்ன புத்தகம், தகடு தகடாக விரிகிற, இடைவெளி அளக்கிற ஒரு கேஜ். மறுநாள் அமாவாசை. எங்கள் பக்கத்தில் வண்டிக்காரர்களுக்கு அமாவாசை நல்ல நாள். அன்றைக்குக் காலையில் அவனே பிளக் மாற்றப்போகிறான் என்று என் மனைவிதான் எனக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஒடம்பு சுடுதா? பங்காளிக் காய்ச்சலுக்கு மாத்திரை இல்லீங்களே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

இரண்டு பேர் வீட்டுக்கும் வாசல் ஒன்றுதான். வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் தூக்கிவிட்டு, பக்கத்தில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து வைத்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அய்யன் உட்கார்ந்திருந்தார். மடியில் ஸ்பானர்கள். அவன் கேட்கக் கேட்க எடுத்துக் கொடுப்பதற்காக.

அதைப் பார்த்ததும்தான் எனக்கு உள்ளே பற்றிக்கொண்டது. பத்து வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். அய்யன் அங்கே வந்தது ஆயுத பூஜைக்கு மட்டும்தான், அதுவும் பொரியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். என் குழிக்குப் பக்கத்தில் அவர் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்ததில்லை. ஒரு ஸ்பானர் எடுத்துக் கொடுத்ததில்லை. காசும் அவனுக்கு, பேரும் அவனுக்கு, சரி. இருந்த ஒன்றையும் வந்து எடுத்துக்கொள்கிறானே என்று இருந்தது. அவனுக்கு அதை எடுத்துக்கொள்கிறோம் என்றுகூடத் தெரியவில்லை, அதுதான் இன்னும் மோசம்.

"வாங்கணா" என்றான். "சும்மா பழகலாமுன்னுதான். உங்களை எதுக்கு இதுக்கெல்லாம் தொந்தரவு பண்றது."

தொந்தரவாம். நான் வேப்பமரத்தில் சாய்ந்து நின்றுகொண்டேன். அவன் வேலையைப் பார்த்தேன். தப்புச் செய்வான் என்று பார்த்தேன். முதலில் எஞ்சின் ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான். நான் நினைத்திருந்தேன், சூட்டோடு கழற்றுவான், எஞ்சினின் தலைப்பாகமான ஹெட் அலுமினியம், திருகு மரை பெயர்ந்து கையோடு வரும் என்று. பிளக்கின் தலையில் செருகியிருந்த ரப்பர் தொப்பிகளை ஒவ்வொன்றாகத்தான் எடுத்தான். ஒயர் எதற்கு எது என்று மாறிவிடாமல் இருக்க நூல் கட்டி அடையாளம் வைத்தான். கழற்றுவதற்கு முன்னால் பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் சைக்கிள் பம்பால் காற்று அடித்து மண்ணை ஊதினான், உள்ளே விழாமல் இருக்க. நான்கூட ஜீப் காலத்தில் வாயால்தான் ஊதுவேன். பழைய பிளக்குகள் வந்தன. முனை கரைந்து, இடைவெளி அகன்று போயிருந்தது. அவற்றை வரிசை மாறாமல் வைத்து, ஒவ்வொன்றையும் அய்யனிடம் காட்டினான்.

"பாருங்கய்யா, இந்த எடவெளிதான் பொறி தாண்டறது. டர்போ வண்டிக்கு எடவெளி கம்மியா வெக்கோணும். உள்ளே காத்து அழுத்தம் சாஸ்தி. எட்டமா இருந்தாப் பொறி தாண்டாதுங்க."

அய்யன் பிளக்கைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "அப்புடியா சாமி" என்றார், செல்லமாக. எனக்கு அவர் அப்படிச் சொன்னதில்லை என்று இல்லை. ஆனால் அன்றைக்கு அந்தச் சாமி என் காதில் ஊசி மாதிரி இறங்கியது.

புதுப் பிளக் நாலையும் கேஜ் வைத்து அளந்து, இடைவெளி சரிசெய்து, வெள்ளைத் துண்டில் வரிசையாக அடுக்கினான். அந்த நேரத்தில் வீட்டுக்குள்ளே போன் அடித்தது. ராஜஸ்தானில் ஒரு ரிக் பாறையில் மாட்டிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக அந்த டிரங்க் காலுக்குத்தான் காத்திருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினான்.

அய்யன் எழுந்தார். மாட்டுக் கொட்டகைப் பக்கம் இருந்த கல்லில் சந்தனம் இழைத்து வைத்திருந்தார், வண்டிக்கு வைப்பதற்காக. தட்டில் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். எந்தப் புதுச் சாமான் வண்டியில் ஏறினாலும் பொட்டு வைக்காமல் எங்கள் பக்கத்தில் ஏற்றமாட்டோம். டயருக்கு வைப்போம், பேட்டரிக்கு வைப்போம், கியர் பெட்டிக்கு வைப்போம். என் பட்டறையில் புது நாசிலுக்கே வைத்துத்தான் மாட்டுவேன். இரும்புக்குப் பொட்டு ஒன்றும் செய்யாது. அய்யன் துண்டில் இருந்த நாலு பிளக்கையும் பார்த்தார். நடுவில் வெள்ளை வெளேரென்று பீங்கான், பொட்டு வைப்பதற்கென்றே செய்த நெற்றி போல. விரலில் சந்தனத்தைத் தொட்டவர், நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, இதுக்கும் வெக்கலாமா? நீ பட்டறைக்காரன். நீ சொன்னாச் செரி."

இதை எழுதும்போதும் எனக்கு அந்த நொடி அப்படியே இருக்கிறது. அவர் என்னைத்தான் கேட்டார். நான் வாரக்கணக்கில் காத்திருந்த கேள்வி அது. எனக்குப் பதில் தெரியும். அந்தப் பீங்கான் சும்மா அழகுக்கு இல்லை, உள்ளே போகிற கரண்ட் வெளியே கசியாமல் தடுக்கத்தான் பீங்கான். அதில் ஈரம் பட்டால், அழுக்குப் பட்டால், பொறி உள்ளே தாண்டாமல் வெளிப்பக்கமே ஓடிவிடும். மழையில் நனைந்த ஜீப்புகளில் எத்தனை தடவை துடைத்திருக்கிறேன். அதிலும் இது டர்போ. அவனே இப்போதுதான் சொன்னான், உள்ளே அழுத்தம் அதிகம் என்று. வாய்க்காலில் மேடு இருந்தால் தண்ணீர் உடைப்பு இருக்கிற பக்கம்தான் போகும். வாசலில் நின்று ஓடும்போது ஒன்றும் தெரியாது. ரோட்டில் காலை அழுத்துகிறபோது, டர்போ எழுகிற நேரம் பார்த்து, கைவிடும்.

இத்தனையும் ஒரு நொடியில் எனக்குத் தோன்றியது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியே இல்லை.

"வெய்யுங்க. நம்ம பட்டறையில வெக்கறதில்லீங்களா" என்றேன்.

அய்யன் நாலுக்கும் வைத்தார். நிறையவே வைத்தார். சந்தனம் பெரிதாக, அதன் மேல் குங்குமம். "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது" என்று முணுமுணுத்துக்கொண்டே வைத்தார். அந்தக் கண் எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியாது. நான் வேப்பமரத்தில் சாய்ந்தபடியே இருந்தேன்.

தம்பி திரும்பி வந்தான். ராஜஸ்தான் தகவல் நல்ல தகவல் போல, முகம் தெளிவாக இருந்தது. குனிந்து ஒரு பிளக்கை எடுத்தவன் அப்படியே நின்றான். பீங்கானில் சந்தனம் இன்னும் காயவில்லை. அய்யன் பக்கத்தில் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். தம்பி என்னைப் பார்த்தான்.

"ஏனுங்ணா, பீங்கான் மேல ஈரமா இருக்குதுங்களே. இது இருக்கலாமுங்களா? தொடச்சறட்டுங்களா?"

அதாவது அவனும் கேட்டுவிட்டான். எட்டு மாதமாக நான் விரும்பியது எல்லாம் ஒரே காலைக்குள் நடந்துவிட்டது. அய்யன் கேட்டார், அவன் கேட்டான், இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். துடைத்துவிடு, ஹெட்டின் மேல் மூடியில் பொட்டை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் அய்யன் மடியில் இருந்த அந்த ஸ்பானர்கள் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

"அய்யன் வெச்ச பொட்டு. இருந்துட்டுப் போகுது. ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"செரிங்ணா" என்றான்.

பிறகு அவன் ஒரு குறையும் இல்லாமல் மாட்டினான். பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் டியூப் செருகி, விரலாலேயே சுற்றி மரையில் இறக்கினான். கோணலாக ஏறினால் டியூப் வழுக்கிவிடும், மரை கெடாது. உட்கார்ந்த பிறகு ஸ்பானரால் ஒரு கால் சுற்று, அவ்வளவுதான். லாரிக்காரன் இறுக்குகிற மாதிரி இறுக்கவில்லை. ரப்பர் தொப்பிகளை ஒவ்வொன்றாக அமுக்கினான். பொட்டுகள் நாலும் தொப்பிக்குள் மறைந்தன. சாவியைத் திருப்பியதும் முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது. மிக்ஸி மாதிரி சீராக ஓடியது. எலுமிச்சம்பழத்தை டயருக்கு வைத்து நசுக்கிவிட்டு, அய்யனை முன்சீட்டில் உட்காரவைத்து, மெயின் ரோடு வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று கிளம்பிவிட்டான்.

அய்யன் ஏறுவார் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கார் தாழ்வாக இருக்கிறது, இடுப்பு வலிக்கிறது என்று எட்டு மாதமாக ஏற மறுத்துக்கொண்டிருந்தவர். மகன் கையால் சரிசெய்த வண்டி என்பதால் அன்றைக்கு ஏறிவிட்டார். தடத்தில் புழுதி எழுந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டிருக்கலாம். சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் போயிருக்கலாம். எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: ஒரு விக்கு விக்கும், திரும்பி வருவான், அவ்வளவுதான் என்று. பட்டறைக்குப் போகவில்லை. வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். மனைவி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அரை மணியில் வர வேண்டியவர்கள் மத்தியானம் கழித்து வந்தார்கள். வண்டி மாட்டுவண்டி வேகத்தில் தடத்தில் ஊர்ந்து வந்தது. அய்யன் இறங்கினார். நெற்றியில் இடது பக்கம் கோழி முட்டை அளவுக்கு வீக்கம்.

நடந்ததைத் தம்பி சொன்னான். கோயமுத்தூர் ரோட்டில் ஒரு சிமெண்ட் லாரியை முந்த வலது பக்கம் ஏறியிருக்கிறான். எதிரே வெகு தூரத்தில் இன்னொரு லாரி. தாராளமாக முந்திவிடக்கூடிய தூரம். காலை அழுத்தியிருக்கிறான், டர்போ முள் எழுந்திருக்கிறது, அதே நேரத்தில் எஞ்சின் படபடவென்று அடித்து இழுவையை விட்டுவிட்டது. பக்கத்தில் சிமெண்ட் லாரி, எதிரே மற்ற லாரி, இவன் நடுவில். பின்னால் வாங்கவும் நேரமில்லாமல் வலது பக்கமே மண்ணில் இறக்கி, புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தியிருக்கிறான். அய்யன் டாஷ்போர்டில் முட்டிக்கொண்டார். எதிர் லாரி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனதாம்.

"எந்தப் பாவி கண்ணோ" என்றார் அய்யன், வீக்கத்தைத் தடவிக்கொண்டே. "அமாவாசையன்னிக்குப் பொட்டு வெச்சும் நிக்கலையே."

என் மனைவி ஒத்தடம் கொடுக்க வெந்நீர் எடுத்து வந்தாள். புளியமரத்துக்கு ஒரு முழம் என்று அவன் சொன்னபோது எனக்கு அந்த முழம் தெரிந்தது. அந்த ஒரு முழம் இல்லாமல் போயிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று நினைத்தேன். அதே நேரத்தில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, காதைத் தீட்டிக்கொண்டும் உட்கார்ந்திருந்தேன். அந்தக் குரல் வருமா என்று.

வந்தது. "அது கெடக்கட்டும், பெரியவனைக் கூப்புடு. அவன் கை வெக்காம எந்த மெசின் செரியாச்சு" என்றார்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். எழுந்து போய்ப் பட்டறையிலிருந்து துணி சுற்றிய ஸ்பானரை எடுத்துவந்தேன். யோசிக்கிற மாதிரி நிற்கவில்லை. தொப்பிகளை எடுத்தேன். பீங்கானில் சந்தனம் பரவி, தொப்பியின் ரப்பர் அதை இழுத்துத் தேய்த்து, பொட்டிலிருந்து கீழே இரும்பு வரைக்கும் பென்சிலால் கோடு போட்டது போல ஒரு கறுப்பு. கரண்ட் ஓடிய தடம். நாலிலும் இருந்தது. பெட்ரோலில் துணியை நனைத்து, கோடு போகிற வரை தேய்த்தேன். தொப்பிகளின் உள்பக்கத்தையும் துடைத்தேன். காயவைத்து மாட்டினேன். தம்பி என் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தான்.

அவனே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "இழுக்குதுங்க. முன்னைக்கு இப்ப நல்லா இழுக்குது" என்று அய்யனிடம் சொன்னான். "அண்ணன் கை வெச்சாப் போதுமுங்க."

அய்யன் அன்று சாயங்காலம் வந்தவர்கள் எல்லோரிடமும் இதைச் சொன்னார். அடுத்த நாள் சங்ககிரிச் சந்தைக்குப் போன இடத்திலும் சொன்னார். புத்தகம் பார்த்து மாட்டினது வேலைக்கு ஆகவில்லை, பெரியவன் ஒரு துணியை வைத்துத் துடைத்தான், வண்டி பறக்கிறது என்று. நெற்றி வீக்கத்தைக் காட்டிக் காட்டிச் சொன்னார். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் அவர் அதை ஆரம்பிக்கும்போதெல்லாம் நான் எழுந்து பட்டறைப் பக்கம் போய்விடுவேன்.

நாலைந்து நாள் கழித்துத் தம்பி என் பட்டறைக்கு வந்தான். குழிக்குப் பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்தான். நான் ஒரு லாரியின் அடியில் இருந்தேன். மேலே வராமலேயே என்ன என்று கேட்டேன்.

"அந்தப் பொட்டுத்தானுங்களேணா" என்றான்.

குழியில் நின்றபடியே கையைத் துடைத்துக்கொண்டேன். "ஆமா" என்றேன்.

"புக்குலயே போட்டிருந்துதுங்க. பீங்கான் சுத்தமாக் காஞ்சு இருக்கோணுமுன்னு, படம் போட்டு. மாட்டறதுக்கு மொத நாளே படிச்சேன்."

"படிச்சீல்ல. அப்புறம் ஏன்டா அப்புடியே மாட்டுன?"

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். கேட்கக்கூடாத கேள்வி கேட்டுவிட்டது போல. "நீங்க ஒண்ணும் ஆகாதுன்னீங்க இல்லீங்களா" என்றான். "புக்கு எழுதுனவன் எவனோ. நீங்களே சொல்லையில அப்புறம் என்னங்க."

அவன் முகத்தில் தேடினேன். குத்திக் காட்டுகிறானா, வேவு பார்க்கிறானா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. குத்திக் காட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். நானும் ஏதாவது கத்தியிருப்பேன். இப்போது இரண்டே வழிதான் இருந்தது. தெரிந்தே செய்தேன் என்று சொல்ல வேண்டும், அல்லது எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டும். எந்திரத்தைப் பற்றி எனக்குத் தெரியாது என்று அந்த நாள் வரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"எனக்குத் தெரியலடா" என்றேன். "டீசல்காரன்தானே நான்."

"அதுக்கென்னங்ணா" என்றான் உடனே. எழுந்து வேட்டியைத் தட்டினான். "அய்யனுக்கு இதைச் சொல்ல வேண்டாமுங்க. உங்க கையின்னா அவருக்கு ஒரு இது. அது அப்புடியே இருக்கட்டும்." சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

என் ஒரு வார்த்தையால் அவனும் அய்யனும் செத்திருப்பார்கள். அவன் வந்து என் பேரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறான். அன்றைக்கு நான் அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்ட அளவுக்கு முன்னாலும் பின்னாலும் பட்டதில்லை. மூன்று ரிக்கும் அந்தக் காரும் அதற்குப் பக்கத்தில் வராது.

அதற்கப்புறம் அவன் பானெட்டைத் திறக்கவில்லை. பிளக் மாற்ற வேண்டிய நேரம் வந்தால் பம்பாயிலிருந்து பார்சல் வரவழைத்து, அட்டைப்பெட்டியோடு பட்டறைக்குக் கொண்டுவருவான். கார் அவனிடம் இருந்த ஆறு வருஷமும் அப்படித்தான். அய்யன் இருந்தவரை இரண்டு தடவை அவரும் கூட வந்து என் குழிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து எனக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார். தம்பி நாலு பிளக்கையும் என் கையில் கொடுப்பான், "பாத்துக்கங்ணா" என்பான். நான் பீங்கானைத் துடைக்கிறேனா, என்ன செய்கிறேன் என்று ஒரு தடவைகூட நின்று பார்க்காமல், எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போய்விடுவான்.